முத்தெடுத்தவனுக்கு முகவரி எங்கே?

(தூத்துக்குடியில் தோழர்கள் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



'வீட்டு மனு' என்பது எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. மேடை ஏறுமுன் இளந்தோழர் ஒருவர் என் காதருகே குனிந்து, "அண்ணே, அனல் பறக்கும் தலைப்பு ஒன்றும் கிடைக்கவில்லையா?" என்று கேட்டார். அவருடைய ஐயம் எனக்குப் புரிகிறது. களத்தைப் பற்றிப் பேசினால் கரவொலி எழும். காவியத்தைப் பற்றிப் பேசினால் கண்கள் விரியும். அரசு வீடு கேட்டு எழுதும் மனுவைப் பற்றிப் பேசினால் கொட்டாவிதானே எழும்! ஆயினும் சொல்கிறேன். இன்றிரவு இந்தக் கரையிலே, கீற்றுக் கூரையின் இடைவெளியில் விண்மீனைப் பார்த்தபடி, மழை வந்துவிடக் கூடாதே என்று ஏங்கிக் கிடக்கும் ஒரு தாய்க்கு, அந்த நாலு பக்கப் படிவத்தைவிடப் பெரிய களம் வேறொன்றும் இல்லை. அந்தக் களத்தில் அவள் தனியே நிற்கிறாள். அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

கொற்கை என்று சொன்னால் நமக்கெல்லாம் நெஞ்சு நிமிரும். பாண்டியன் முத்து! கடல் கடந்து சென்ற முத்து! ரோமாபுரிச் சீமாட்டியரின் கழுத்திலே ஒளிவிட்ட முத்து! முத்தைப் புகழாத புலவர் இல்லை. அந்த முத்தை எடுத்தவன் எங்கே படுத்து உறங்கினான் என்று கேட்ட புலவர் எத்தனை பேர்? கிறித்துவுக்குப் பிந்திய முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளுஸ் என்னும் கடல்வழி நூல் மட்டும் ஒரு சேதியைச் சொல்லி வைத்திருக்கிறது. கொற்கைத் துறையிலே முத்துக் குளிக்க இறக்கப்பட்டவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகளாம்! முத்து அரண்மனைக்கு, மூச்சடக்கியவன் சிறைக் கொட்டடிக்கு!

பதின்மூன்றாம் நூற்றாண்டில் மார்க்கோபோலோ வந்தான். மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கு என்று எழுதினான். அதோடு நிற்கவில்லை, சுறாமீன் கடிக்காதபடி மந்திரம் ஓதும் ஆட்களுக்கு இருபதில் ஒரு பங்கு என்றும் எழுதினான். பின்னாளில் அவர்களுக்குக் 'கடல்கட்டி' என்று பெயர் வழங்கிற்று. சுறாவின் வாயைக் கட்டினார்களோ இல்லையோ, தங்கள் வயிற்றுக்கு வழி தேடிக் கொண்டார்கள். இந்தக் கடல்கட்டியை மறந்துவிடாதீர்கள். சற்று நேரத்தில் மீண்டும் அழைக்கிறேன்.

வெள்ளையர் ஆட்சியில் கணக்கு இன்னும் கறாராயிற்று. கரைக்கு வந்த சிப்பியை மூன்று குவியலாகப் பிரிப்பார்கள். இரண்டு குவியல் சர்க்காருக்கு, ஒன்று குளித்தவர்களுக்கு. சர்க்கார் குவியல் ஆயிரம் ஆயிரமாக ஏலம் போகும். சலாபம் நடக்கும் அந்தச் சில வாரங்களுக்குக் கடற்கரையிலே பனையோலையால் ஒரு பட்டணமே எழும்பும். கச்சேரி உண்டு, கடைத்தெரு உண்டு, காவல் உண்டு, மருத்துவர் உண்டு. சலாபம் முடிந்ததும் பட்டணம் பிரிக்கப்படும். கீற்றும் கம்பும் வண்டியேறும். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961-ஆம் ஆண்டில். ஓலைப் பட்டணம் போய்விட்டது. ஓலைக் குடிசையும் அதற்குள் இருந்தவனும் போய்விடவில்லை. சங்கு எடுக்கப் போனான், மீன் பிடிக்கப் போனான், தோணியிலே சுமை ஏற்றப் போனான், உப்பளத்திலே பாத்தி மிதிக்கப் போனான்.

நாடு விடுதலை பெற்றது. வீடற்ற தொழிலாளியைப் பற்றி ஆள்வோர் நினைக்கத் தொடங்கினர். 1952-இல் மத்திய அரசு, மானியத்துடன் கூடிய தொழிலாளர் வீட்டுவசதித் திட்டத்தைக் கொண்டு வந்தது. மாநில அரசு வீடு கட்டினால் செலவில் பாதி மானியம், பாதி கடன். நல்ல திட்டம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் யாருக்கு? தொழிற்சாலைச் சட்டத்தின் வரம்புக்குள் வரும் தொழிலாளிக்கு! கடல் ஒரு தொழிற்சாலையா? அதற்குக் கூரை உண்டா, வாயிற்கதவு உண்டா, வருகைப் பதிவேடு உண்டா? ஆலையிலே வேலை தொடங்கச் சங்கு ஊதுவார்கள், அவனுக்கு வீடு. கடலுக்குள்ளே போய் அந்தச் சங்கையே எடுத்து வருபவனுக்கு? அவனுக்காக ஊத ஆளில்லை.

இந்த ஊரின் பெயர்ப் பலகைகளை ஒருமுறை படித்துக்கொண்டே நடந்து பாருங்கள். ஸ்பிக் நகர் என்பார்கள், தெர்மல் நகர் என்பார்கள். 1974-இல் பெருந்துறைமுகம் என்ற தகுதி வந்தது. அதைச் சுற்றி உர ஆலை வந்தது, அனல் மின் நிலையம் வந்தது. நிறுவனத்தின் ஊதியப் பட்டியலில் பெயர் உள்ளவனுக்குக் குடியிருப்பு வந்தது, குழாய் வந்தது, தெருவிளக்கு வந்தது. அவன் உழைப்பாளி, அவனுக்குக் கிடைத்தது நியாயம். அதே வளாகத்திலே ஒப்பந்தக்காரரின் கீழ் மூட்டை சுமந்தவன், மாலையில் எந்த நகருக்குத் திரும்பினான்? பெயர் வைக்கப்படாத நகருக்கு.

1970-இல் தமிழ்நாட்டில் குடிசை மாற்று வாரியம் பிறந்தது. 1971-இல் அதற்கென்று ஒரு சட்டமும் வந்தது. ஏழையின் சிரிப்பைப் பற்றிய வாசகத்தை நெற்றியில் எழுதிக்கொண்டு பிறந்த வாரியம் அது. குடிசைவாசியைக் குற்றவாளியாகப் பார்த்த அரசாங்கங்கள் உலகெங்கும் இருந்த காலத்தில், அவனும் குடிமகன், அவனுக்குக் கான்கிரீட் கூரை தருவது அரசின் கடமை என்று சொன்ன வாரியம். முதலில் சென்னை; பிறகு மற்ற நகரங்கள். 2021-இல் அதன் பெயர் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறிற்று. பெயரிலிருந்து 'குடிசை' போயிற்று. ஊரிலிருந்து போக வேண்டும்!

இப்போது மனுவுக்கு வருவோம்.

வாரியத்தின் அடுக்குமாடி வீடு ஏறத்தாழ 400 சதுர அடி. கேட்பவருக்கு இந்தியாவில் வேறெங்கும் சொந்தக் கல்வீடு இருக்கக் கூடாது. குடும்பத்தின் மாத வருமானம் 25,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. ஆதார் அட்டை, குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, வருமானச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம், நிழற்படம் என்று அடுக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அது கிராம நிர்வாக அலுவலரைக் கண்டு, வருவாய் ஆய்வாளரைக் கண்டு, துணை வட்டாட்சியரைக் கண்டு திரும்ப வேண்டும். கணினியில் பதிவு செய்யும்போது கைப்பேசிக்கு ஓர் எண் வரும். சில நிமிடங்களில் அது செத்துவிடும். வீட்டில் இருப்பது ஒரே கைப்பேசி. அது கணவனோடு கடலில் இருக்கிறது. எண் அலைமேல் போய்ச் சேர்ந்தால் உண்டு!

நான் நாடகக்காரன். எதையும் காட்சியாகத்தான் எனக்குப் பார்க்கத் தெரியும். இதோ ஒரு காட்சி. இடம், ஏதோ ஓர் அலுவலகம். மேசைக்கு அந்தப் பக்கம் அலுவலர். இந்தப் பக்கம் சங்கு குளிப்பவனின் மனைவி.

"எங்கே குடியிருக்கிறீர்கள், அம்மா?"

"கடற்கரைப் புறம்போக்கில், ஐயா. என் மாமியார் காலத்திலிருந்து."

"பட்டா இருக்கிறதா?"

"புறம்போக்குக்குப் பட்டா ஏது, ஐயா?"

"வாடகை ஒப்பந்தம்?"

"கடலுக்கு நாங்கள் வாடகை கொடுப்பதில்லை, ஐயா."

"மாத வருமானம் எவ்வளவு?"

"சங்கு கிடைத்த நாளில் வருமானம், கிடைக்காத நாளில் கடன். எந்த நாளை எழுதுவது, ஐயா?"

"சரி, கணவர் எங்கே? கையெழுத்து வேண்டும்."

"தண்ணீருக்குள் இருக்கிறார், ஐயா."

"எப்போது வருவார்?"

"மூச்சு முடிவதற்குள் வந்துவிடுவார்."

சிரிக்கிறீர்கள். அந்த அலுவலரை நான் வில்லனாக்கவில்லை, தோழர்களே. அவர் நல்லவராகவே இருக்கட்டும். அவருடைய மேசைமேலும் ஒரு சுற்றறிக்கை இருக்கிறது. அதில் கட்டங்கள் இருக்கின்றன. கட்டத்தை நிரப்பாத மனுவைக் கணினி மேலே அனுப்பாது. குற்றம் கட்டத்தை வரைந்த சிந்தனையில் இருக்கிறது. நிலத்தில் வேரூன்றி, மாதச் சம்பளம் வாங்கி, ஒரே கதவிலக்கத்தில் பத்தாண்டு வாழ்ந்த ஒருவனை மனத்தில் வைத்து வரைந்த கட்டம் அது. அப்படிப்பட்டவன் எதற்காக மானிய வீட்டுக்கு மனுப் போடப் போகிறான்? முகவரி இல்லாதவன்தான் முகவரி கேட்டு வருகிறான். அவனிடம் முகவரிச் சான்று கேட்கிறார்கள்!

கண்ணகியை நினைத்துப் பாருங்கள். அவளும் ஒரு மனுதாரர்தான். பாண்டியன் அவைக்குத் தன் கையில் ஆவணத்தோடு வந்தாள். அரசியின் சிலம்பில் இருந்தது முத்து. நம் கொற்கைக் கடலின் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்தது மாணிக்கம். சிலம்பு உடைந்தது, மாணிக்கம் தெறித்தது, வழக்கு முடிந்தது. தவறிய மன்னன்தான், ஆயினும் ஆவணத்தைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில் ஒப்புக்கொண்டான். சான்றொப்பம் பெற்ற நகல் மூன்று எங்கே என்று அவன் கேட்கவில்லை. நாளை வா என்று சொல்லவில்லை. சர்வர் வேலை செய்யவில்லை என்று சொல்லவில்லை!

சரி, கொஞ்சம் மனையுள்ளவன் கதை என்ன? அவன் பாடு தேவலையா? 2015-இல் மத்திய அரசின் நகர்ப்புற வீட்டுத் திட்டம் வந்தது. சொந்த மனையில் தானே வீடு கட்டிக்கொள்பவருக்கு மத்திய அரசு 1.5 இலட்சம், தமிழக அரசு 60,000, ஆக 2.10 இலட்சம் ரூபாய். 2024 செப்டம்பரில் தொடங்கிய இரண்டாம் திட்டத்திலும் மத்திய அரசின் பங்கு அதே 1.5 இலட்சம், மாநிலம் குறைந்தது ஓர் இலட்சம் தரவேண்டும் என்று வகுத்தார்கள். கேட்க இனிக்கிறது. பணம் எப்போது வரும்? அடித்தளம் போட்ட பிறகு ஒரு தவணை. கதவு சன்னல் மட்டம் எழும்பிய பிறகு ஒரு தவணை. கூரை போட்ட பிறகு ஒரு தவணை. முடித்த பிறகு மிச்சம். அதாவது முதல் கல்லை அவன் பணத்தில் வைக்க வேண்டும். அவனிடம் பணம் இருந்தால் அவன் ஏன் வரிசையில் நிற்கிறான்? கடற்கரையிலே கம்பியும் சிமெண்டும் ஜல்லியும் விற்கிற விலையில், உப்புக் காற்றுக்குத் தாக்குப்பிடிக்கும் 300 சதுர அடி வீட்டை அந்தத் தொகையில் முடித்தவரை எனக்குக் காட்டுங்கள், மாலை போடுகிறேன்.

மீதிக்கு எங்கே போகிறான்? வட்டிக் கடைக்கு! கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இல் சட்டம் வந்தது. சட்டம் ஏட்டில் இருக்கிறது; வட்டிக்காரன் வாசலில் இருக்கிறான். கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. அந்த நாட்களில் படகில் கூலிக்குப் போகிறவனுக்குத் தொழில் இல்லை. ஐப்பசி கார்த்திகையில் உப்பளத்துக்காரனுக்குத் தொழில் இல்லை. தவணையும் வட்டியும் விடுமுறை எடுப்பதுண்டா? அடித்தளத்தோடு நின்று போன வீடுகளைக் கிராமங்களில் பார்த்திருப்பீர்கள். கம்பி துருவேறி, செங்கல் பாசியேறி, நடுவிலே எருக்கு முளைத்து நிற்கும். சோம்பேறித்தனத்தின் சின்னம் என்று போகிறவர்கள் சொல்லிப் போவார்கள். அது இரண்டாம் தவணைக்கும் மூன்றாம் வட்டிக்கும் இடையில் அகப்பட்டு நின்ற ஒரு குடும்பத்தின் எலும்புக்கூடு.

இந்த இடத்தில் எழுந்து, "எல்லாவற்றையும் இலவசமாகவே கேட்டால் நாடு என்னாவது?" என்று வினவும் கனவான்கள் உண்டு. அவர்களுக்கு மரியாதையோடு ஒரு கேள்வி. வங்கிக் கடனில் வீடு கட்டியவர், அந்தக் கடனுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 2 இலட்சம் ரூபாய் வரை தம் வருமானக் கணக்கிலிருந்து கழித்துக்கொள்ள வரிச்சட்டம் பல ஆண்டுகளாக இடம் தந்து வந்திருக்கிறதே, அது யார் வீட்டுப் பணம்? அதுவும் அரசுக்கு வரவேண்டிய பணம்தான். அவருக்குக் கொடுத்தால் அதன் பெயர் சலுகை. மீனவனுக்குக் கொடுத்தால் அதன் பெயர் இலவசம்! அவர் கூட எந்த அலுவலக வாசலிலும் குடை பிடித்து நின்றதில்லை. ஓர் ஆடிட்டர் ஒரு வரி எழுதினார், முடிந்தது.

இடம் என்பது அடுத்த சிக்கல். இதில் நான் கொஞ்சம் தங்க வேண்டும்; கடற்கரைக்காரனுக்கு இதுதான் உயிர்ச் சிக்கல்.

2004 டிசம்பர் 26-ஐ இந்தக் கரையில் எவரும் மறக்கவில்லை. ஆழிப்பேரலைக்குப் பிறகு, 2005 மார்ச்சில் தமிழக அரசு நிரந்தர வீடுகளுக்கான ஆணையைப் பிறப்பித்தது. கணவன் மனைவி இருவர் பெயரிலும் வீடு என்று அதில் இருந்தது. போற்றத்தக்க வரி! பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டும் என்று 1929-இல் செங்கற்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்டபோது சிரித்தவர்கள் உண்டு. முக்கால் நூற்றாண்டு கழித்து அலை வந்து அடித்த பிறகாவது அது ஓர் அரசாணையில் ஏறியது. அதே ஆணையில் இன்னொரு வரியும் இருந்தது. உச்ச அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் இருப்பவர், தாண்டிப் போகச் சம்மதித்தால் புதிய வீடு. அங்கேயே இருப்பேன் என்றால் இருக்கலாம், உதவி கிடையாது.

உயிரைக் காக்கும் எண்ணம் அதில் இருந்தது என்பதை ஒப்புகிறேன். ஆனால் மீனவனுக்குக் கடற்கரை என்பது காட்சியா, காற்று வாங்கும் இடமா? படகு நிற்கும் கொட்டகை அது. வலை காயும் முற்றம் அது. காற்றின் திசை பார்க்கும் சாளரம் அது. நள்ளிரவில் கடலின் இரைச்சல் மாறினால் எழுந்து ஓடிப் படகை மேலே இழுக்க வேண்டும். அவனைத் தொலைவிலே நான்காம் மாடியில் குடிவைத்துவிட்டு, நல்ல வீடு கொடுத்தோமே, ஏன் பூட்டிவிட்டுக் கடற்கரைக்கே போனான் என்று கேட்பது, உழவனை நகரத்தில் குடிவைத்துவிட்டு ஏன் வயலுக்கு ஓடுகிறான் என்று கேட்பதற்கு ஒப்பாகும். சென்னையில் என்ன நடந்தது? கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரின் தென்கோடியில் எழும்பின குடியிருப்புகள். ஆழிப்பேரலையில் வீடிழந்த மீனவர் பலரைச் செம்மஞ்சேரிக்கு அனுப்பினார்கள். வீடு கிடைத்தது, வேலைக்குப் போகும் வழி நீண்டது. கூலியில் ஒரு பங்கு பேருந்துக் கட்டணமாயிற்று. நீதி கேட்டு மதுரையை எரித்தவளின் பெயரை ஒரு குடியிருப்புக்கு வைத்தார்கள். அங்கே குடியேறியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டார்களா?

கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை 1991-இல் வந்தது, 2011-இல் மாறியது, 2019-இல் மீண்டும் மாறியது. 2011-ஆம் ஆண்டு அறிவிக்கை, கரையோரத்தில் வழிவழியாக வாழ்வோருக்கு 100 மீட்டருக்கும் 200 மீட்டருக்கும் இடையே வீடு கட்ட இடம் தந்தது. மீனவரின் நெடுங்கால வீட்டுத் தேவையைத் திட்டத்திலே காட்ட வேண்டும் என்றும் சொன்னது. இது எத்தனை தோழர்களுக்குத் தெரியும்? 2023 ஆகஸ்டில் கடலோர மாவட்டங்களில் புதிய வரைபடத்தின்மேல் கருத்துக் கேட்புக் கூட்டங்கள் நடந்தபோது, எங்கள் ஊர் எங்கே, எங்கள் வலை காயும் இடம் எங்கே, எங்கள் பிள்ளைகளுக்கு நாளை வீடு கட்டும் இடம் எங்கே என்று மீனவர்கள் எழுந்து கேட்டார்கள். வரைபடத்தில் இல்லாத ஊருக்குப் பட்டா வராது. பட்டா இல்லாதவன் மனு ஏறாது. ஆகவே வீட்டு மனு என்பது படிவத்தில் தொடங்குவதில்லை, வரைபடத்தில் தொடங்குகிறது.

முடியாத காரியம் என்று எவரேனும் சொன்னால், நம்மவர் சுமை தூக்கிக் கட்டிய இன்னொரு துறைமுகத்தைக் காட்டுங்கள். சிங்கப்பூரில் 1960-இல் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தொடங்கப்பட்டது. மறு ஆண்டு மே மாதம் புக்கிட் ஹோ சுவீ என்னும் குடிசைப் பகுதி எரிந்து, 16,000 பேர் தெருவில் நின்றார்கள். அவர்களை ஊருக்கு வெளியே தள்ளிவிடவில்லை. அதே வட்டாரத்தில் அடுக்குமாடிகளை எழுப்பிக் குடியேற்றினார்கள். இன்று அந்நாட்டு மக்களில் ஐந்தில் நால்வர் கழகத்தின் வீடுகளில் வாழ்கிறார்கள். அங்கும் கம்பத்து வீட்டை விட மனமின்றி அழுதவர்கள் இருந்தார்கள்; கடுமையான நில எடுப்புச் சட்டமும் இருந்தது; அதையெல்லாம் மறைத்துப் புகழ்பாட நான் வரவில்லை. பொதுவீடு என்றால் பிச்சை வீடு என்ற எண்ணத்தை ஒரு துறைமுக நகரம் அழித்துக் காட்டியது. அதை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நம் மாவட்டத்திலேயே அண்மையில் பார்த்தோம். 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை! தாமிரபரணி கரை மீறியது, ஏரிகள் உடைந்தன, தூத்துக்குடித் தெருக்களில் படகு போயிற்று. முற்றும் இடிந்த வீட்டுக்குப் பதிலாகப் புதிய வீடு கட்ட 4 இலட்சம் ரூபாய் வரை என்று அன்றைய தமிழக அரசு அறிவித்தது. 2.10 இலட்சத்தில் முடியும் என்று எழுதி வந்த கணக்கு, வெள்ளம் வந்ததும் 4 இலட்சமாயிற்று என்றால், முந்தைய கணக்கு எப்படிப்பட்டது என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த 4 இலட்சத்துக்கும் இடிந்தது உன் வீடுதான் என்று காட்ட வேண்டும். வீட்டைக் கொண்டு போன தண்ணீர், தகரப் பெட்டியில் இருந்த காகிதத்தை விட்டுவிட்டா போகும்?

இப்போது கடல்கட்டியை அழைக்கிறேன். மார்க்கோபோலோ பார்த்த அந்த ஆள் செத்துவிட்டான் என்றா நினைக்கிறீர்கள்? வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வட்டாட்சியர் அலுவலக வாசல் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கிறான். "அக்கா, உங்கள் மனுவை நான் முடித்துத் தருகிறேன், உள்ளே நமக்கு ஆள் இருக்கிறது" என்கிறான். சுறா கடிக்காமல் மந்திரம் ஓதுகிறானாம்! மனு இயல்பாகவே தேறினால் தன் மந்திரம் என்பான். தேறாவிட்டால் உன் விதி என்பான். காசு இரண்டு வழியிலும் அவனுக்கு. அன்று இருபதில் ஒரு பங்கோடு நின்றான். இன்று எங்கே நிற்கிறான் என்று ஏமாந்தவர்களைக் கேளுங்கள்.

தோழர்களே, கசப்பாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். சில ஊர்களில் அந்த வேட்டியில் கரை இருக்கிறது; எந்தக் கட்சியின் கரையும் இருக்கிறது. நம் கரையும் இருக்குமானால், அதைவிட ஓட்டுப் போகட்டும், கொடி போகட்டும் என்பேன். வீட்டு மனுவுக்கு வந்த தாயிடம் உறுப்பினர் அட்டை இருக்கிறதா என்று முதலில் கேட்பவன், பட்டியலில் பெயர் சேர்க்கத் தேநீர்ச் செலவு கேட்பவன், நம் மேடையில் எனக்குப் பக்கத்தில் அமரக் கூடாது.

முத்துக்குளிப்பில் இன்னொருவன் இருந்தான். தோணியில் நின்று, கீழே போனவனின் கயிற்றைப் பிடித்திருப்பவன். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம்தான் கொடுப்பார்கள் என்று இந்தக் கரையில் வழிவழியாகச் சொல்வார்கள். தங்கையின் வாழ்வு அந்தக் கயிற்றின் முனையில் இருக்கிறது. மைத்துனன் கண் அயரமாட்டான். கயிறு ஒருமுறை அசைந்தால் இழுப்பான். மந்திரம் தெரியாது அவனுக்கு, கவனம் தெரியும். எனக்கு வேண்டியவர்கள் அவனைப் போன்றவர்கள்.

கயிறு பிடிப்பதென்றால் என்ன? ஒரு தெருவுக்கு இரண்டு தோழர்கள். வீடு வீடாகப் போய், யாரிடம் எந்தக் காகிதம் இருக்கிறது, எது இல்லை என்று எழுதுங்கள். ஆதாரில் ஒரு பெயரும் குடும்ப அட்டையில் ஒரு பெயரும் இருக்கும். ஓர் எழுத்து மாறினாலும் மனு திரும்பும். அதை முதலில் திருத்தச் செய்யுங்கள். புறம்போக்கு எல்லாம் ஒன்றல்ல. ஆட்சேபணையற்ற புறம்போக்கு என்றால் வரன்முறைப்படுத்தி மனைப்பட்டா கேட்க வழி உண்டு. நீர்நிலை, பாதை போன்ற ஆட்சேபணைக்குரிய இடம் என்றால் மாற்று இடம் கேட்க வேண்டும். எது எதுவென்று நில அளவை எண்ணைப் பார்த்துத் தெரிந்து சொல்லுங்கள். தெரியாததைத் தெரியும் என்று சொல்லாதீர்கள். மனுக் கொடுத்த நாளில் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். திருப்பி அனுப்பினால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் இருக்கிறது, பத்து ரூபாய்க் கட்டணம். முன்பு ஏதேனும் அரசுத் திட்டத்தில் வீடு வாங்கியிருந்தால் மறைக்கச் சொல்லாதீர்கள். 20 ஆண்டுக்குள் வாங்கியவருக்கு 2024 திட்டத்தில் இடமில்லை. ஒருவர் மறைத்தால் அந்தத் தெருவின் மனு அத்தனையும் சந்தேகத்துக்கு ஆளாகும்.

நான் கல்லூரியை இரண்டாம் ஆண்டில் விட்டு வந்தவன். 'கல்வித் தகுதி' என்ற கட்டம் வந்தால் எனக்கே இன்றும் பேனா சற்று நின்று யோசிக்கும். நான்காம் வகுப்போடு நின்ற ஒரு தாய்க்கு அந்தப் படிவம் எப்படித் தோன்றும் என்று நினைத்துப் பாருங்கள். அவளிடம் பொறுமையாகப் பேசுங்கள். 'உனக்கு என்ன தெரியும்' என்ற சொல் வாயில் வரக் கூடாது. காற்றைப் பார்த்து நாளைய கடலைச் சொல்லத் தெரிந்தவள் அவள். எனக்குத் தெரியாது, உங்களில் பலருக்கும் தெரியாது.

ஆள்வோரிடம் நாம் வைக்கும் கோரிக்கை மூன்றே. முதல் தவணையை அடித்தளத்துக்கு முன்பே கொடுங்கள். கடல்தொழில் செய்பவனுக்குக் கடலிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இடம் ஒதுக்குங்கள். பல்லாண்டு வாழ்ந்ததற்குக் கிராம சபையின், வார்டு சபையின் சாட்சியத்தையே சான்றாக ஏற்றுக்கொள்ளுங்கள். யார் ஆண்டாலும் இந்த மூன்றைக் கேட்போம்; நம்மவர் ஆண்டால் இன்னும் உரக்கக் கேட்போம்.

கூட்டம் முடிந்ததும் மேடைக்கு வலப்புறம் ஒரு மேசை இருக்கும். அதன்மேல் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். திரேஸ்புரத்திலிருந்து தருவைகுளம் வரை ஊர்ப்பெயர்களை எழுதி, பெயருக்கு எதிரே இடம் விட்டிருக்கிறோம். உங்களால் எந்தத் தெருவைப் பார்த்துக்கொள்ள முடியுமோ அதை எழுதுங்கள், முடியாததை எழுதாதீர்கள். அடுத்த ஞாயிறு காலை எட்டு மணிக்குப் புறப்பட வேண்டும். மேசையில் ஒரே ஒரு பேனாதான் வைத்திருக்கிறார்களாம். சட்டைப் பையில் பேனா உள்ளவர்கள் கொஞ்ச நேரம் இரவல் தாருங்கள்.